பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

பின்னணியில் நடக்கும் பிழைகளும், அவற்றைப் பிடிக்கும் தானியங்கி டெஸ்ட்களும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். வேர்டில் ஒரு கடிதத்தை டைப் செய்து பிரின்ட் கட்டளை கொடுக்கிறீர்கள். அடுத்த விநாடியே மீண்டும் டைப் செய்யத் தொடங்கிவிடலாம். பிரின்டர் தன் போக்கில் காகிதத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

சரி, பிரின்டரில் காகிதம் தீர்ந்து போயிருந்தால் என்ன ஆகும்? வேர்டைப் பொறுத்தவரை அதன் வேலை முடிந்துவிட்டது. கடிதத்தை வாங்கிக்கொண்டு பின்னணியில் அச்சுக்கு அனுப்பும் ஸ்பூலர் என்ற புரோகிராம்தான் சிக்கி நிற்கிறது. திரையின் ஓரத்தில் சிறிய அறிவிப்பு ஒன்று வந்து மறையும். அதை நீங்கள் பார்க்கவில்லை என்றால், கடிதம் அச்சாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

முன்னால் இருப்பவர் “ஆச்சு” என்கிறார். பின்னால் வேலை நின்றுபோயிருக்கிறது. வீட்டுப் பிரின்டரில் இது சின்னத் தொல்லைதான். ஆனால் இதே குறை, சாஃப்ட்வேரைச் சோதிக்கும் தானியங்கி டெஸ்ட்களிலும் வருவதுண்டு. அப்போது கெட்டுப்போன சாஃப்ட்வேருக்கு “நல்ல நிலையில் உள்ளது” என்று சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. நான் டெஸ்டிங் துறையில் வேலை செய்யும் பொறியாளன். என் வேலை நேரத்தில் கணிசமான பகுதி இந்த ஒரு பிரச்சினைக்கே போகிறது. இது எப்படி நேர்கிறது, எப்படிப் பிடிப்பது, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன பாடம் என்று பார்ப்போம்.

த்ரெட் என்றால் என்ன?

ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்ய, தன்னைப் பல இழைகளாகப் பிரித்துக்கொள்கிறது. இந்த இழைதான் த்ரெட். நீங்கள் பார்க்கும் திரையைக் கவனித்துக்கொள்ள ஒரு த்ரெட். இணையத்திலிருந்து ஃபைலை இறக்க இன்னொன்று. எழுத்துப் பிழை பார்க்க வேறொன்று. இவற்றில் நம் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்பவை பின்னணி த்ரெட்கள்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைப் பார்க்கலாம். கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே த்ரெட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். நீங்கள் எந்தப் புரோகிராமையும் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த எண் ஆயிரக்கணக்கில் இருப்பதைக் காண்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தங்கள் முறைக்காகக் காத்திருப்பவை. எனவே பயப்பட வேண்டாம்.

எக்செப்ஷன் என்றால் என்ன?

ஒரு வேலையை வழக்கம்போல் தொடர முடியாத நிலை வரும்போது, புரோகிராம் எழுப்பும் கூக்குரலுக்கு எக்செப்ஷன் என்று பெயர். திறக்க வேண்டிய ஃபைல் இல்லை, இணைய இணைப்பு அறுந்துவிட்டது, பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்தக் குரலைக் கேட்டுத் தக்க நடவடிக்கை எடுக்க யாராவது இருக்க வேண்டும். புரோகிராம் எழுதுபவர்கள் இதை ‘கேட்ச்’ செய்வது என்பார்கள்.

த்ரெட், எக்செப்ஷன் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். அம்மா சமையல் வேலையில் இருக்கிறார். பையனிடம் பணத்தைக் கொடுத்து, “ஈ.பி. ஆபீஸ்ல கரண்ட் பில் கட்டிட்டு வாடா” என்று அனுப்புகிறார். அவன் கிளம்பிய உடனே, காலண்டரில் ‘கரண்ட் பில் கட்டியாச்சு’ என்று எழுதிவிடுகிறார். பையன் போனபோது கவுன்ட்டர் மூடியிருந்தது. திரும்பி வந்து சொல்லாமல் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். கடைசித் தேதி தாண்டி ஃபியூஸைப் பிடுங்க ஆள் வரும்வரை காலண்டர் ‘கட்டியாச்சு’ என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே அம்மா பிரதான த்ரெட். பையன் பின்னணி த்ரெட். கவுன்ட்டர் மூடியிருந்தது எக்செப்ஷன். காலண்டரில் எழுதிய வரிதான் டெஸ்ட் முடிவு. இந்த நால்வரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கி டெஸ்ட்

ஒரு சாஃப்ட்வேரில் சிறு மாற்றம் செய்தால்கூட, பழைய வசதிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று மறுபடி சோதிக்க வேண்டும். மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் நாட்கள் ஆகும். ஆகவே சோதிப்பதற்கென்றே தனிப் புரோகிராம்கள் எழுதுகிறோம். இதில் புகழ்பெற்ற கருவி ஜாவா மொழிக்கான ஜேயூனிட். கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர், 1997-இல் சூரிச்சிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு மாநாட்டுக்காக விமானத்தில் போகும் வழியில் எழுதத் தொடங்கியது இது. எல்லா டெஸ்ட்களும் தேறினால் பச்சைக் கோடு. ஒன்று தோற்றாலும் சிவப்புக் கோடு. பார்த்தவுடன் புரிந்துவிடும். இந்தப் பச்சையும் சிவப்பும் பிறகு டாட்நெட்டுக்கான என்யூனிட், பைத்தானுக்கான பைடெஸ்ட் என்று எல்லாக் கருவிகளிலும் பரவிவிட்டன.

இந்தக் கருவி எப்போது சிவப்பு காட்டும்? டெஸ்ட் ஓடும் த்ரெட்டில் எக்செப்ஷன் வந்தால் காட்டும். அதாவது, அம்மாவுக்கே ஏதாவது ஆனால் தெரியும். பையனுக்கு ஆனால்? ஜாவாவில் ஒரு பின்னணி த்ரெட்டில் எழும் எக்செப்ஷனை யாரும் பிடிக்கவில்லை என்றால், அந்த த்ரெட் மட்டும் மடிந்துபோகும். திரையில் சில வரிகள் பிழைச் செய்தி ஓடும். டெஸ்ட் தன் பாட்டுக்குக் கடைசி வரிக்குப் போய்ப் பச்சைக் கோட்டைக் காட்டிவிடும்.

துறைமுகத்தில் நின்ற பெட்டிகள்

எங்கள் கொடுங்கையூரிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போகிறவர்களுக்குக் கன்டெய்னர் லாரி வரிசையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெட்டிகள் துறைமுகத்தை விட்டு வெளியே வருவதற்குப் பின்னால் ஏகப்பட்ட காகித வேலை உண்டு. அதைச் செய்து தரும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்தில் ஓடிய சாஃப்ட்வேர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெட்டியின் விவரத்தைப் பதிவு செய்தவுடன், சரக்குக்கு உரியவருக்கு ஈ-மெயில் போக வேண்டும். பதிவு செய்பவர் காத்திருக்கக் கூடாது என்பதால், மெயில் அனுப்பும் வேலையை ஒரு பின்னணி த்ரெட்டிடம் ஒப்படைத்திருந்தார்கள். பதிவு செய்பவர் திரையில் ‘மெயில் அனுப்பப்பட்டது’ என்று வரும். உண்மையில், அனுப்ப வேண்டிய வரிசையில் மெயில் சேர்க்கப்பட்டது என்பதே அதன் பொருள்.

ஒரு நாள் காலை, முழுப் பெட்டியாக இல்லாமல் உதிரியாக வந்த சரக்கு ஒன்றைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பெட்டி எண் கிடையாது. அந்த இடம் காலியாக இருந்ததால் பின்னணி த்ரெட்டில் எக்செப்ஷன் எழுந்தது. பிடிக்க ஆள் இல்லை. த்ரெட் மடிந்தது. மெயில் அனுப்பும் வேலைக்கு இருந்தது அந்த ஒரே த்ரெட்தான் என்பதால், அதற்குப் பிறகு பதிவான எல்லாச் சரக்குகளின் மெயில்களும் வரிசையில் தேங்கிவிட்டன. திரை மட்டும் ஒவ்வொரு முறையும் ‘அனுப்பப்பட்டது’ என்றே சொன்னது. இரண்டு நாள் கழித்து, “என் சரக்கு எங்கே?” என்று ஒரு வியாபாரி போன் செய்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. துறைமுகத்தில் இலவச நாட்கள் முடிந்தால் நாள் கணக்கில் டெமரேஜ் கட்ட வேண்டும். அந்தப் பணம் சிறு வியாபாரிகளின் கையிலிருந்து போனது.

காரணம் தேடும் வேலை என்னிடம் வந்தது. முதலில் டெஸ்ட்களைப் பார்த்தேன். உதிரிச் சரக்குக்கு டெஸ்ட் இருந்தது! அதுவும் தினமும் ஓடிப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்த டெஸ்ட், மெயில் வரிசையில் சேர்ந்ததா என்று மட்டுமே பார்த்தது. பின்னணி த்ரெட் மடியும்போது வந்த பிழைச் செய்தியும் ஒவ்வொரு நாள் லாக் ஃபைலிலும் இருந்தது. பச்சை எரியும்போது லாக் ஃபைலை யார் திறந்து படிப்பார்கள்?

அலாரம் அடிக்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை!

இது ஓர் அலுவலகத்தோடு போன கதை. இதே வகை மௌனம் ஒரு பெரும் நிலப்பரப்பையே இருட்டாக்கியதும் உண்டு.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அன்று பிற்பகல் 2.14 மணி அளவில், ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் சாஃப்ட்வேர் செயலிழந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எக்ஸ்ஏ/21 என்ற சாஃப்ட்வேர் அது. ஒரே தகவல் பகுதியை இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் மாற்ற முயன்றதால் வந்த கோளாறு என்று பின்னர் தெரிந்தது. இதை ரேஸ் கண்டிஷன் என்பார்கள். அலாரம் புரோகிராம் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கியது. வந்த தகவல்கள் வரிசையில் தேங்கின. 2.41 மணிக்குச் சர்வர் விழுந்தது. மாற்றுச் சர்வர் பொறுப்பேற்று, அதுவும் 2.54 மணிக்கு விழுந்தது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு, அலாரம் செத்துவிட்டது என்று சொல்ல ஓர் அலாரம் இல்லை. சர்வர் விழுந்தது கம்ப்யூட்டர் பிரிவினருக்குத் தெரிந்தும் இவர்களுக்குச் செய்தி வரவில்லை. அலாரம் அடிக்கவில்லை, எனவே எல்லாம் சரி என்று இருந்தார்கள். வெளியே 345 கிலோவோல்ட் மின்பாதைகள் தொய்ந்து மரங்களில் பட்டு 3.05, 3.32, 3.41 என்று ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. 4.10 மணிக்கு மேல் நியூயார்க் நகரம்வரை இருண்டது.

கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அந்த சாஃப்ட்வேர் அதற்குமுன் பல இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அந்தப் பிழை ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை என்று தயாரிப்பாளர்கள் கூறினர். சில மில்லி செகண்டுகள் ஒத்துப்போனால் மட்டுமே வரும் பிழை அது. ‘இவ்வளவு நாள் ஓடியதே’ என்பதைப் பின்னணி வேலைகளில் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மொழிகள் என்ன செய்தன?

இந்தச் சிக்கலைப் புரோகிராமிங் மொழிகளை உருவாக்கியவர்களும் உணர்ந்து படிப்படியாக மாற்றங்கள் செய்தார்கள்.

ஜாவா: 2004-இல் வந்த 5-ஆம் பதிப்பில், யாரும் பிடிக்காத எக்செப்ஷன்களைக் கடைசியாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று சேர்க்கப்பட்டது. த்ரெட் மடியும் முன் அதனிடம் சொல்லிவிட்டு மடியும்.

டாட்நெட்: 1.0, 1.1 பதிப்புகளில் பின்னணி த்ரெட்களின் எக்செப்ஷன்கள் பெரும்பாலும் சத்தமின்றி விழுங்கப்பட்டன. 2005-இல் வந்த 2.0 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் நிலையை மாற்றியது. பிடிக்கப்படாத எக்செப்ஷன் வந்தால் முழுப் புரோகிராமும் நின்றுவிடும். கடுமையாகத் தோன்றினாலும், பிழை மறைந்து கிடப்பதைவிட இது மேல்.

சி++: 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் த்ரெட் வசதி வந்தபோதே, பிடிக்கப்படாத எக்செப்ஷன் முழுப் புரோகிராமையும் நிறுத்தும் என்று வகுத்துவிட்டார்கள். ஒரு த்ரெட்டின் எக்செப்ஷனை எடுத்து இன்னொரு த்ரெட்டிடம் கொடுக்கவும் வழி செய்தார்கள்.

பைத்தான்: 2019-இல் வந்த 3.8 பதிப்பில் ஜாவாவைப் போன்ற ஏற்பாடு வந்தது. அதைப் பயன்படுத்தி, 2020 டிசம்பரில் வெளியான பைடெஸ்ட் 6.2, பின்னணி த்ரெட்டில் விழுந்த பிழைகளை எச்சரிக்கையாகக் காட்டத் தொடங்கியது.

முழுப் புரோகிராமும் நின்றுவிடுவதில் ஒரு தொல்லை உண்டு. முதல் டெஸ்ட் அனுப்பிய பின்னணி த்ரெட், மூன்றாம் டெஸ்ட் ஓடும்போது விழுந்தால் பழி மூன்றாவதன்மேல் விழும். தப்பு செய்தவன் ஒருவன், அடி வாங்குபவன் இன்னொருவன். எனவே மொழி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், டெஸ்ட் எழுதுபவரும் சில விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

பிடிப்பது எப்படி?

1. பையன் திரும்பும்வரை காத்திருங்கள். பின்னணி த்ரெட் முடியும்வரை டெஸ்ட் முடியக் கூடாது. இதற்கு ஜாயின் என்ற கட்டளை பெரும்பாலான மொழிகளில் உண்டு. ‘2 விநாடி தூங்கிவிட்டுப் பார்’ என்று எழுதுவது பலரின் பழக்கம். வேகமான கம்ப்யூட்டரில் அது சரியாக ஓடும். மெதுவான கம்ப்யூட்டரில் பையன் திரும்பும் முன்பே காலண்டரில் எழுதிவிடும்.

2. காத்திருப்பதற்கு எல்லை வையுங்கள். பையன் திரும்பியே வராவிட்டால் அம்மா இரவு முழுவதும் வாசலில் நிற்க முடியாது. இத்தனை விநாடிக்குள் வராவிட்டால் டெஸ்ட் தோல்வி என்று எழுதிவிட வேண்டும்.

3. என்ன நடந்தது என்று கேளுங்கள். பின்னணி த்ரெட் தனக்கு நேர்ந்த எக்செப்ஷனை ஓர் இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். பிரதான த்ரெட் அதை எடுத்து, தனக்கே நேர்ந்ததுபோல் மறுபடி எழுப்ப வேண்டும். அப்போதுதான் டெஸ்ட் கருவியின் கண்ணில் படும். ஜாவாவில் ஃபியூச்சர், டாட்நெட்டில் டாஸ்க் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அவற்றிடம் முடிவைக் கேட்டால்தான் சொல்லும். கேட்காமல் விட்டால் எக்செப்ஷன் உள்ளேயே கிடக்கும்.

4. கடைசியாக ஒரு வலை விரியுங்கள். மூன்று விதிகளையும் தாண்டி ஏதாவது தப்பினால் பிடிக்க, மொழி தரும் பொது ஏற்பாட்டை டெஸ்ட் தொடங்கும் முன் பொருத்துங்கள். அதில் எது விழுந்தாலும் டெஸ்ட் சிவப்பு.

5. வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். பின்னணி த்ரெட்டில் ஒரு எக்செப்ஷனை நீங்களே எழுப்புங்கள். டெஸ்ட் சிவப்பாக மாறுகிறதா? மாறாவிட்டால் அது காட்டும் பச்சைக்கு மதிப்பில்லை.

கிளியரிங் ஏஜென்ட் சாஃப்ட்வேரில் இந்த விதிகளைப் பொருத்திய அன்றே உதிரிச் சரக்கு டெஸ்ட் சிவப்பானது. கூடவே வேறு சில டெஸ்ட்களும் சிவப்பாயின. அவையும் பல மாதமாகப் பின்னால் விழுந்துகொண்டிருந்தவைதான். சரிசெய்ய ஒரு வாரம் ஆனது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

“நான் புரோகிராம் எழுதப் போவதில்லையே” என்று கேட்கலாம். உங்களுக்காகவும் பல வேலைகள் பின்னணியில் நடக்கின்றன. அவற்றில் முக்கியமானது பேக்கப்.

கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, ஓர் ஊழியர் தவறான சர்வரில் தகவல் தொகுப்பை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது வைக்கப்படும் இடம் காலி. பேக்கப் எடுக்கும் புரோகிராமின் பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய ஈ-மெயில்களும் மெயில் சர்வரால் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதிர்ஷ்டவசமாக 6 மணி நேரம் முன்பு எடுத்த வேறொரு பிரதி இருந்தது. பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், குழந்தையின் பிறந்தநாள் படங்களை ஒரே ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கும் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

மாதம் ஒருமுறை கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள். கால் மணி நேரம் போதும்.

* உங்கள் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு படத்தை வேறொரு ஃபோல்டரில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். ‘பேக்கப் முடிந்தது’ என்ற செய்தியை மட்டும் நம்ப வேண்டாம்.

* ஆன்டிவைரஸ் புரோகிராமைத் திறந்து, கடைசியாக அப்டேட் ஆன தேதியைப் பாருங்கள். ஐகான் தெரிவது வேறு, அப்டேட் ஆவது வேறு.

* பிரின்ட் வரவில்லை என்றால் மறுபடி மறுபடி பிரின்ட் கொடுக்காதீர்கள். பிரின்ட் க்யூவைத் திறந்து, எது சிக்கி நிற்கிறது என்று பார்த்து நீக்குங்கள்.

* ஸ்டார்ட் மெனுவின் தேடும் இடத்தில் ரிலையபிலிட்டி என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்தால், ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்ற பகுதி கிடைக்கும். விஸ்டா காலம் முதல் விண்டோஸில் இருக்கும் வசதி இது. எந்த நாளில் எந்தப் புரோகிராம் விழுந்தது என்பதைச் சிவப்புக் குறியுடன் காட்டும். நீங்கள் அறியாமல் பின்னணியில் விழுந்தவையும் அங்கே இருக்கும்.

இவற்றில் முதலில் பேக்கப்பைச் சோதியுங்கள். படம் திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், மூலப் படம் ஹார்டு டிஸ்கில் இருக்கும்போதே தெரிந்துகொண்டீர்கள்; வேறொரு டிஸ்கிலோ பென் டிரைவிலோ இன்றே புதிய பிரதி எடுத்துவிடுங்கள்.